காவல் நாய்க்கு வேண்டியது செவியே

ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவிலையடுத்த மலையடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் உடைய குடியானவர்களுக்கு நாய் வெறும் வளர்ப்புப் பிராணியன்று. குடும்பத்தில் ஒன்றாகவே அது வாழ்கிறது. பகலில் குழந்தைகளோடு விளையாடுகிறது. மாலையில் எஜமானனுடன் வரப்பில் நடக்கிறது. இரவில் தோப்பு வீட்டு வாசலில் படுத்துக் காவல் காக்கிறது. காட்டுப்பன்றி வேலியை நெருங்கும் அரவத்தை மனிதருக்கு முன்பே கேட்டுக் குரைப்பதுதான் அது செய்யும் பேருதவி.

இவ்வூரின் பெயரைத் தாங்கிய நாய் ஜாதியின் பெருமை யாவரும் அறிந்ததே. 2005-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா நான்கு நாய் ஜாதிகளுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அவற்றுள் ராஜபாளையம் நாயும் இடம்பெற்றது. ஆயினும், பெருமை வளர்ந்த அளவுக்கு விவேகம் வளரவில்லை. பால்போன்ற வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் இருந்தாற் போதுமென்று வாங்குவோர் அநேகர் கருதுகின்றனர். அதற்கிசைய, வளர்ப்போரிற் சிலர் நிறப்புள்ளியுள்ள குட்டிகளை ஒதுக்கி, நெருங்கிய உறவுள்ள வெள்ளை நாய்களையே இணைசேர்க்கின்றனர். இதனால் செவிட்டுக் குட்டிகள் பிறக்க ஏதுவாகிறது.

இதன் காரணம் யாதெனில், உரோமத்துக்கு நிறமளிக்கும் உயிரணுக்கள் உட்செவிக்கும் இன்றியமையாதவை. அவை அங்கே இல்லாவிடில், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் சக்தி அழிந்துவிடும். பின்னர் எம்மருந்தும் அதை மீட்பதில்லை. டால்மேஷியன் என்னும் புள்ளி நாய்களிடத்தும் இக்குறை உண்டு.

வெண்ணிறமே இந்த ஜாதியின் அடையாளம், அதை விடலாகாது என்பர் சிலர். வெள்ளை நாய்கள் யாவும் செவிடல்ல. நிறத்தை வெறுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் வேட்டைக்கும் காவலுக்கும் பெயர் பெற்ற ஜாதியில், அழகுக்காகச் செவியை இழப்பது முதலை இழந்து வட்டியை எண்ணுவதாகும்.

மேலும், இத்தோப்புகளையடுத்த காடு 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கே நாயை ஏவிப் பன்றி வேட்டையாடுவது 1972-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். பன்றியைத் துரத்தும் நாய், அழைத்த குரலுக்குத் திரும்ப வேண்டும். கேளாத நாய் காட்டுக்குள் சென்று சிறுத்தைக்கு இரையாகலாம். அந்த நஷ்டம் வீட்டாரின் மனத்தைவிட்டு எளிதில் நீங்காது.

ஆகவே, குட்டி வாங்குவோர் அதற்கு ஆறேழு வாரம் ஆனபின், அதைத் தனியே விட்டு, அதன் கண்ணில் படாமல் சற்றுத் தூரத்தில் பின்புறமாக நின்று கைதட்டிப் பார்க்க வேண்டும். ஒரு செவி மட்டும் கேளாத குட்டியை இச்சோதனை காட்டாது. அதற்குக் கருவிச் சோதனை தேவை. தாய் தந்தை நாய்களின் செவியையும் விசாரித்தறிதல் நலம். செவிட்டு நாயை இனவிருத்திக்கு விடலாகாது. அதனைத் தெருவில் விரட்டுவதும் தருமமன்று. கைச்சைகைகளால் பழக்கி, வேலிக்குள் வைத்துப் போஷிக்கலாம்.

கிராம அதிகாரிகள் வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாம்களுக்கு ஊராரைத் திரட்டும்போது, இவ்விஷயத்தையும் எடுத்துரைப்பாராயின் நற்பயன் விளையும். வாங்குவோர் நிறத்தை விட்டுச் செவியைக் கேட்கத் தொடங்கினால், வளர்ப்போரும் தம் வழக்கத்தைத் தாமே மாற்றிக்கொள்வர்.