சாவி யார் கையில்?

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைத் தொழிலாளி இன்று கார்டில் புகார் எழுதுவதில்லை. கசிகிற குழாயைக் கைப்பேசியில் படம் பிடிக்கிறார். நான்கு வரி எழுதி மின்னஞ்சலில் சங்கத்துக்கு அனுப்புகிறார். 2021 மே 13 அன்று இதே தொழிற்பேட்டையில், குடிகாட்டில், பூச்சிமருந்து ஆலை ஒன்றில் நடந்த விபத்தில் 4 உயிர்கள் பறிபோயின. இப்படிப்பட்ட இடத்தில், முன்கூட்டி எச்சரிக்கும் கடிதம் உயிர் காக்கும் கடிதம். அது சங்கத்துக்கு வருமுன் நிர்வாகத்தின் மேஜைக்குப் போனால்? காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு மறுநாள் கேட்டிலேயே "வேலை இல்லை" என்று பதில் வரும்!

மின்னஞ்சல் பத்திரமானது என்று பலர் நம்புகிறார்கள். பாதி உண்மை. வழியில் அது பூட்டிய லாரியில்தான் போகிறது. ஆனால் கம்பெனியின் கிடங்கில், அதாவது சர்வரில், மூட்டை பிரித்தே கிடக்கிறது. ஆலை கொடுத்த மின்னஞ்சல் முகவரி என்றால் கிடங்கின் சாவி ஆலை நிர்வாகத்திடம். கூகுள் முகவரி என்றால் சாவி கூகுளிடம்.

இதற்கு மாற்று உண்டு. கடிதத்தை அனுப்புகிறவரே மறையெழுத்தாக்கிவிடலாம். கோயில் உண்டியலை நினைத்துப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் காசு போடலாம். திறக்கும் சாவி போடுகிறவரிடம் இல்லை. சங்கம் தன் "உண்டியலை" ஊரறியக் கொடுத்துவிடும். திறக்கும் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். 1991இல் ஃபில் சிம்மர்மன் என்ற அமெரிக்கர் இந்த முறையைச் சாதாரண மக்களின் கணினிக்குக் கொண்டுவந்து, பிஜிபி என்று பெயரிட்டார். அதற்காக 1993 முதல் 1996 வரை அமெரிக்க சர்க்கார் அவர்மீது விசாரணை நடத்தியது. பாமரன் கையில் பூட்டைக் கண்டால் ஆளுகிறவர்களுக்கு எப்போதுமே நடுக்கம்தான்!

இப்போது வியாபாரிகள் வருகிறார்கள். "எதையும் கற்க வேண்டாம், எங்கள் பக்கத்தைப் பிரௌசரில் திறந்தால் போதும், ஜாவாஸ்கிரிப்ட் உங்கள் கணினியிலேயே கடிதத்தைப் பூட்டிவிடும், எங்களாலும் படிக்க முடியாது" என்கிறார்கள். எளிது என்பது உண்மை. ஒன்றுமில்லாததற்கு இது மேல் என்பதும் உண்மை. ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம்: அந்தப் பூட்டைச் செய்து அனுப்புவது யார்?

ஜாவாஸ்கிரிப்ட் என்பது பக்கத்தோடு சேர்ந்து சர்வரிலிருந்து வருகிற நிரல். நேற்று வந்தது நல்ல பூட்டாக இருக்கலாம். இன்று அதே சர்வர், ஒரே ஒரு ஆளுக்கு மட்டும், கள்ளச்சாவி வைத்த பூட்டை அனுப்பினால்? பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. நாம் தட்டும் இரகசியச் சொல் நேரே சர்வருக்குப் போய்விடும். வீட்டுக்குப் பூட்டுப் போட்டோம்; ஆனால் தினமும் காலையில் புதுப் பூட்டுக் கொண்டுவருகிறவன் அடுத்த வீட்டுக்காரன் என்றால், வீடு யாருடையது?

இது வீண் பயமல்ல. கனடாவின் ஹஷ்மெயில் கம்பெனி, தன் ஊழியர்களாலேயே கடிதங்களைப் படிக்க முடியாது என்று பெருமை பேசியது. 2007இல் நீதிமன்ற ஆணை வந்தது. 12 குறுந்தகடுகள் நிறையக் கடிதங்கள் அமெரிக்க அதிகாரிகளிடம் போய்ச் சேர்ந்தன! பிரௌசருக்கு அனுப்பும் நிரலையும் மாற்றி அனுப்ப முடியும் என்பதைக் கம்பெனியே மறுக்கவில்லை.

சர்க்கார் என்ன செய்கிறது? வெள்ளைக்காரனின் 1898 தபால் சட்டத்தில் கடிதத்தை மறிக்கும் அதிகாரம் இருந்தது. சுதந்திர இந்தியாவின் 2023 தபால் சட்டத்திலும் அது சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஆவது பிரிவு, மறையெழுத்தைத் திறந்துகொடுக்க மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை என்கிறது. 2015 செப்டம்பரில் ஒரு வரைவுக் கொள்கை வந்தது: மறையெழுத்தில் அனுப்பியதன் வெற்றெழுத்து நகலை 90 நாள் வைத்திருக்க வேண்டுமாம்! மக்கள் கொதித்தார்கள்; உடனே வாபஸ் ஆயிற்று.

2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல்கள் புரோட்டான் மெயில் வழியாக வந்தன. குழந்தைகளையும் தாய்மாரையும் பதற வைத்த கயவர்களைப் பிடித்துத் தண்டிக்க வேண்டும். இதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் தமிழ்நாடு போலீஸ் கேட்டதோ அந்த மின்னஞ்சல் சேவையையே முடக்கும்படி. 2025 ஏப்ரலில், வேறொரு வழக்கில், கர்நாடக உயர்நீதிமன்றமும் அதைத் தடுக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. திருடன் சைக்கிளில் தப்பினான் என்பதற்காக ஊரார் சைக்கிளையெல்லாம் பறிப்பதா?

"ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்குப் பூட்டு எதற்கு?" என்று கேட்கும் கனவான்களைக் கேட்கிறோம்: பாங்குகளின் கணக்கு வழக்கு மறையெழுத்தில்தானே ஓடுகிறது? முதலாளிகள் தங்கள் வியாபார இரகசியத்தைத் தெருவில் விரித்து வைக்கிறார்களா? பணத்துக்குப் பூட்டு நியாயம்; கூலிக்காரனின் புகாருக்குப் பூட்டு சதியா? 2017 ஆகஸ்ட் 24 அன்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதில் ஆலைத் தொழிலாளிக்கும் வயல் தொழிலாளிக்கும் விலக்கு இல்லை!

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியது இது. ஆலையின் கணினியில், ஆலையின் முகவரியில் சங்க விஷயம் எழுதாதீர்கள். தினமும் சர்வர் அனுப்பும் பூட்டை நம்புவதைவிட, கணினியிலேயே நிறுவிக்கொள்ளும், உள்நிரல் பகிரங்கமாக இருக்கும் பூட்டு மேல். தண்டர்பேர்ட் என்ற இலவச நிரலில் இது உள்ளேயே இருக்கிறது. பிரௌசர்தான் வேண்டும் என்றால், மெயில்வெலப் போலப் பிரௌசரோடு நிறுவும் நிரல் உண்டு. உண்டியல் உண்மையில் சங்கத்தினுடையதுதானா என்பதை அதன் "கைரேகை" எண்ணைச் சங்கக் கூட்டத்தில் நேருக்கு நேர் படித்துச் சரிபாருங்கள். முகம் பார்த்துச் செய்யும் இந்தச் சோதனையை எந்தச் சர்வரும் ஏமாற்ற முடியாது.

ஒன்றை மறக்க வேண்டாம். பூட்டு கடிதத்தை மறைக்கும், உறையை மறைக்காது. யார், யாருக்கு, எப்போது எழுதினார் என்பது வெளியே தெரியும். பொருள் வரியும் பெரும்பாலும் தெரியும். அங்கே பெயரோ புகாரோ எழுதாதீர்கள். கைப்பேசிக்குள்ளேயே திருட்டு நிரல் புகுந்துவிட்டால் எந்தப் பூட்டும் உதவாது. முன்பின் தெரியாத இணைப்பைத் திறக்காதீர்கள்.

பூட்டு போராட்டத்துக்குப் பதிலாகாது. அம்பலத்தில் பேச வேண்டியதை அம்பலத்தில்தான் பேசுவோம். ஆனால் எதை, எப்போது அம்பலத்துக்குக் கொண்டுவருவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது தொழிலாளியே; முதலாளியல்ல, போலீஸும் அல்ல. கடிதம் நம்முடையது. சாவியும் நம் கையில் இருக்கட்டும்!