ஐந்து வரிக் கடிதமும் அறுநூறு கட்டுரைகளும்

1980, ஜனவரி 10. அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழான ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’, ‘ஆசிரியருக்குக் கடிதங்கள்’ பகுதியில் சின்னதாக ஒரு கடிதத்தை வெளியிட்டது. எழுதியவர்கள் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஜேன் போர்ட்டர், டாக்டர் ஹெர்ஷல் ஜிக். மொத்தமே ஐந்து வாக்கியங்கள். ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம்.

ஆனால், அதை முழுசாகப் படிக்காமலேயே பலர் மேற்கோள் காட்டினார்கள் என்பதுதான் பிறகு வந்த வினை.

கடிதம் சொன்னது இதுதான். மருத்துவமனையில் தங்கி சிகிச்சை பெற்ற 39,946 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். அவர்களில் 11,882 பேருக்கு, அபின் வகையைச் சேர்ந்த வலிநிவாரணி ஒரு முறையாவது கொடுக்கப்பட்டிருந்தது. முன்பு போதைப் பழக்கம் இல்லாதவர்களில், அந்த மருந்துக்கு அடிமையானதாக ஓரளவு தெளிவான பதிவு இருந்தது 4 பேருக்கு மட்டுமே. ஆகவே, மருத்துவமனை நோயாளிகள் அடிமையாவது அரிது என்று முடித்தார்கள்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால், எல்லை உண்டு. ஒரே ஒரு டோஸ் வாங்கியவரும் அந்தக் கணக்கில் சேர்த்தி. வீடு திரும்பிய பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று கடிதத்தில் இல்லை. தீராத முதுகுவலிக்காக மாதக்கணக்கில் வீட்டிலேயே மாத்திரை விழுங்குபவர்களைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. இன்னொரு சங்கதி... போதை மருந்து கொடுக்கப்பட்ட நோயாளிகள் அடிமையாவது அரிது என்று பொதுவாகச் சொன்ன அதன் தலைப்பில், ‘மருத்துவமனை’ என்ற சொல்லே இல்லை!

தலைப்போடு நின்றவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஒருவர் தன் கட்டுரையில் இதை மேற்கோள் காட்டினார். அதைப் பார்த்து இன்னொருவர் காட்டினார். கடிதமாக இருந்தது ‘ஆய்வு’ ஆனது. பிறகு ‘விரிவான ஆய்வு’ ஆனது. கறுப்பாக வாந்தி எடுத்தான் என்ற சேதி, நாலு வாய் மாறி ‘காக்கா காக்காவாக வாந்தி எடுத்தான்’ என்று ஆன கதைதான். அந்த நாளில் அசலைப் பார்க்க வேண்டுமென்றால், நூலகத்துக்குப் போய் பழைய இதழைத் தேட வேண்டும். அந்த நடைக்குப் பலருக்கு நேரமில்லை.

1996-ல் பர்டியூ நிறுவனம் ‘ஆக்ஸிகான்டின்’ என்ற வலிநிவாரணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிமையாகிறவர்கள் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு என்று டாக்டர்களிடம் பிரசாரம் நடந்தது. கடிதத்தை மேற்கோள் காட்டுவதும் அந்தக் காலத்தில் வேகம் பிடித்தது. 2007-ல் அந்தக் குழுமத்தின் நிறுவனம் ஒன்று, அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துக்காட்டி விற்றதாக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. நிறுவனமும் மூன்று உயரதிகாரிகளும் சேர்ந்து 60 கோடி டாலருக்கும் மேல் கட்டினார்கள். ஆனால், போன உயிர்கள் போனவைதான். 1999 முதல் 2017 வரை, டாக்டர் எழுதிக் கொடுத்ததும் கள்ளச் சந்தையில் வந்ததுமாக, இந்த வகை மருந்துகளின் அளவு மீறி இறந்த அமெரிக்கர்கள் கிட்டத்தட்ட 4 லட்சம் பேர். எல்லாவற்றுக்கும் ஒரு கடிதம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், தயக்கம் இருந்த இடத்தில் தைரியம் கொடுத்த காரணங்களில் அதுவும் ஒன்று.

2017-ல் கனடா ஆய்வாளர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டியவை 608. அவற்றில் 439, ‘அடிமையாவது அரிது’ என்பதற்குச் சான்றாகவே அதைக் காட்டின. அவர்கள் மருத்துவமனையில் இருந்த நோயாளிகள் என்பதை 491 கட்டுரைகள் சொல்லவே இல்லை. அதன் பிறகு, கடிதத்தின் மேலேயே எச்சரிக்கைக் குறிப்பு ஒன்றைச் சேர்த்தது இதழ். தான் எழுதியது இப்படிப் பயன்பட்டதற்காக டாக்டர் ஜிக்கும் மனம் வருந்தினார்.

அன்று நூலகம் வரை நடக்க வேண்டியிருந்தது. இன்று கையில் இருக்கும் போனே போதும். ‘கூகுள் ஸ்காலர்’, மருத்துவத்துக்கு ‘பப்மெட்’ இரண்டுமே இலவசம். கட்டுரையின் தலைப்பைத் தட்டினால் சுருக்கமாவது கிடைத்துவிடும். முழுக் கட்டுரைக்குக் காசு கேட்டால், கூகுள் ஸ்காலரில் அதே கட்டுரையின் மற்ற பிரதிகளைத் திறந்து பாருங்கள். பல நேரம் இலவசப் பிரதி இருக்கும். இல்லையென்றால், எழுதியவருக்கு ஒரு மெயில் போடலாம். சந்தோஷமாக அனுப்புபவர்கள் நிறைய பேர்.

படிக்கும்போது சில கேள்விகள் கேட்டாலே பாதி தெளிவு வந்துவிடும். சோதித்தது எலியிடமா, மனிதரிடமா? எத்தனை பேரிடம்? எத்தனை நாள்? செலவு யாருடையது? கட்டுரை இப்போதும் செல்லுபடியாகிறதா என்பதும் முக்கியம். எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998-ல் ‘லான்செட்’ இதழில் வந்த கட்டுரை, வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. 2010-ல் இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பப்மெட்டில் தேடினால், திரும்பப் பெற்ற செய்தி தலைப்பிலேயே தெரியும். ஆனாலும் அந்தப் பயம் இன்னும் ஊர் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

கல்லூரி புராஜெக்ட் எழுதும் பிள்ளைகளுக்கும், யூடியூபில் உடல்நலம் பேசுபவர்களுக்கும் விதி ஒன்றுதான். படித்ததை மட்டும் மேற்கோள் காட்ட வேண்டும். இன்னொருவர் எழுதியதிலிருந்து எடுத்தால், அதையும் சொல்லிவிட வேண்டும். முடிவை எழுதும்போது, யாரைப் பற்றிய முடிவு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அந்த 491 கட்டுரைகளிலும் விடுபட்டது அந்த ஒரு தகவல்தான். அதேபோல, ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு டாக்டர் கொடுத்த மருந்தைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. சந்தேகத்தை அவரிடமே கேட்பதுதான் சரி.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சிருக்காங்க’ என்று ஏதாவது வந்தால், சண்டை போடத் தேவையில்லை. “அந்தக் கட்டுரையோட லிங்க் இருந்தா அனுப்புங்க சித்தப்பா, படிச்சுப் பார்க்கிறேன்” என்று மரியாதையாகக் கேட்டால் போதும். லிங்க் வந்தால் படிக்கலாம். வராவிட்டால், அந்த ஃபார்வேர்டை அடுத்த குழுவுக்கு அனுப்பாமல் விடலாம்.