இதயம் முழுதும் காண்போம்!

கவிஞர் பாடும் இதயம் வேறு. ஆய்வுக்கூடத்து மேசைமேல் கிடக்கும் இதயம் வேறு. முன்னது அன்பின் உறைவிடம். பின்னது ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள தசைப் பை. முன்னதைப் பற்றி நம் சங்க மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம், இனியும் பேசுவோம். ஆனால் அந்தத் தசைப் பையைப் பற்றியும் நாம் பேசவேண்டிய காலம் வந்துவிட்டது. நம் நாட்டில் உயிர்களைப் பறிக்கும் காரணங்களில் முன்னிற்பவை இதய, இரத்தக்குழாய் நோய்களே. அந்த நோய் தாக்கிய இதயத்தை நாம் இன்னும் முழுமையாகப் பார்க்கவில்லை என்பதே என் வாதம்.

“பார்க்கவில்லையா? நூறாண்டுகளுக்கு மேலாக மருத்துவர்கள் நுண்ணோக்கியில் பார்த்து வருகிறார்களே!” என்று நண்பர்கள் கேட்கலாம். பார்க்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எதைப் பார்க்கிறார்கள்? இதயத்தின் சிறு துண்டு ஒன்றை எடுத்து, மெழுகில் பதித்து, 5 மைக்ரான் கனத்துக்குச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதயத்தின் இடக் கீழறைச் சுவர் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ளது. அதனை முற்றும் சீவினால் 2,000 சீவல்கள் கிடைக்கும். அவற்றுள் கண்ணுக்குப் படுபவை சிலவே. 2,000 பக்கமுள்ள நூலில் பத்துப் பக்கம் படித்துவிட்டுக் கதை முழுவதும் சொல்லப் புகுந்தால் எப்படி?

பக்கங்கள் குறைவு என்பது மட்டுமன்று குறை. இதயத் தசையிழைகள் சுவருக்குள் நேராக ஓடவில்லை. உட்புறத்தில் ஒரு பக்கம் சாய்ந்து, நடுவில் கிடையாகி, வெளிப்புறத்தில் மறு பக்கம் சாய்ந்து, ஏறத்தாழ 120 பாகை திரும்புகின்றன. அந்தத் திருகல் இருப்பதால்தான் ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல் இதயம் இரத்தத்தைப் பிழிந்து தள்ளுகிறது. குப்பத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பட்டுக்கூடுகளை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு கூட்டைக் கத்தியால் அறுத்துப் பாருங்கள். அறுபட்ட நூல் முனைகள் தெரியும். புழு அந்த நூலை எப்படிச் சுற்றியது என்பது தெரியுமா? இதயச் சுவரின் சீவலும் அத்தகையதே.

இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. உயிரைத் தொடும் சிக்கல். 1958 இல் இலண்டனில் டொனால்டு டீர் என்ற அறிஞர் இளம் வயதினர் எண்மரின் இதயங்களைப் பற்றி எழுதினார். அவர்களுள் பெரும்பாலோர் திடீரென இறந்தவர்கள். இதயச் சுவர் ஒருபுறம் தடித்திருந்தது. தசையிழைகள் ஒழுங்கிழந்து சிக்குண்டு கிடந்தன. ஓடியாடும் இளைஞன் ஒருவன் விளையாட்டுத் திடலில் சுருண்டு விழுந்து இறந்தான் என்ற செய்தியைப் படிக்கிறோமே, அத்தகைய சாவுகளுக்குப் பின்னால் நிற்கும் காரணங்களுள் இந்நோயும் ஒன்று. இழைச் சிக்கல் இதன் அடையாளம். ஆயினும் நல்ல இதயத்திலும் இழைகள் திரும்புமிடத்தைச் சாய்வாகச் சீவினால் சிக்கல் போலவே தோன்றும். எது நோய், எது இயற்கை? தட்டையான சீவல் தனித்து நின்று தீர்ப்புச் சொல்ல இயலாது. நீளம், அகலம், ஆழம் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் உண்மை புலனாகும்.

அவ்வாறு மூன்றையும் சேர்த்துக் காணும் வழி இன்று பிறந்துவிட்டது. பிரான்சு நாட்டின் கிரெனோபில் நகரில் 844 மீட்டர் சுற்றளவுள்ள எலெக்ட்ரான் வளையம் ஒன்று இருக்கிறது. அது புதுப்பிக்கப்பட்டு 2020 இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. அதிலிருந்து பிறக்கும் எக்ஸ்-கதிர், மருத்துவமனை எக்ஸ்-கதிரைவிடப் பன்மடங்கு ஒளி மிக்கது. மென்மையான திசுக்கள் எக்ஸ்-கதிரைத் தடுப்பது குறைவு. ஆயினும் அவற்றினூடே செல்லும் கதிரலையின் கட்டம் சற்றே மாறுகிறது. அந்தச் சிறு வேறுபாட்டையே படமாக்குகிறார்கள். கோவிட் கொள்ளைநோயில் இறந்தோரின் நுரையீரலைக் காண்பதற்கு முதலில் பயன்பட்ட இம்முறை, அடுத்து இதயத்துக்கு வந்தது. 2024 இல் இரண்டு முழு இதயங்களின் படம் வெளியாயிற்று. ஒன்று 63 வயது ஆடவரின் நோயற்ற இதயம். மற்றது இரத்த ஓட்டக் குறைவும், உயர் இரத்த அழுத்தமும், மேலறைத் துடிப்புக் கோளாறும் உடையவராயிருந்த 87 வயது மூதாட்டியின் இதயம். முழு இதயமும் 20 மைக்ரான் நுட்பத்தில்; வேண்டிய இடத்தில் 2 மைக்ரான் அளவுக்கு நெருங்கி! கத்தி படாமல், ஒரே இதயத்தில் நாட்டிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து வீட்டுக்கும் இறங்கிப் பார்ப்பது போன்ற காட்சி அது.

12 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனப்பெட்டியில் இதயம் இருப்பதாகக் கொள்வோம். 20 மைக்ரானுக்கு ஒரு புள்ளி என்றால் ஒரு பக்கத்துக்கு 6,000 புள்ளிகள். மூன்று பக்கமும் பெருக்க 21,600 கோடிப் புள்ளிகள். ஒரே ஓர் இதயத்துக்கு! இதைப் படிக்க மருத்துவர் மட்டும் போதார்; கணக்கறிந்தவரும் கணிப்பொறி அறிந்தவரும் பௌதிகம் அறிந்தவரும் வேண்டும். நம்மைப் போன்ற விஞ்ஞான மாணவர்களுக்கு இங்கே இடமிருக்கிறது.

இக்கலை நமக்குப் புதிதா? இல்லை. பல திசைகளிலிருந்து எடுத்த நிழல்களைக் கொண்டு பொருளின் உள்ளுருவைக் கட்டியெழுப்பும் கணித முறை ஒன்றை 1971 இல் ஜி. என். இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் வெளியிட்டனர். இலண்டனில் முதல் நோயாளியின் தலை சி.டி. கருவியில் படமெடுக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அவ்விருவர் பெயரையும் சுருக்கி “ராம்-லாக்” என்று வழங்கும் வடிகட்டி முறை உலகெங்கும் பாடநூல்களில் நின்று நிலவுகிறது. அதே இராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக் கழகத்தில் இருந்தபோது, 1954 இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் என்ற புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டு சொன்னவர். நோயுற்ற இதயத்தில் தசை மாண்ட இடத்தில் படியும் தழும்பு எதனால் ஆனது? பெரும்பாலும் அந்தக் கொலாஜனால்தான்! தழும்பின் பொருளைக் கண்டவரும் இங்கிருந்தே. தழும்பைப் படமாக்கும் கணக்கைத் தந்தவரும் இங்கிருந்தே. ஆனால் நம் மக்களின் இதயத் தழும்பை முப்பரிமாணத்தில் காட்டும் கருவூலம் மட்டும் இங்கே இல்லை. இந்த முரண்பாடு நம் நெஞ்சை உறுத்த வேண்டாமா?

“மனித இதயம் எங்கும் ஒன்றுதானே, கிரெனோபிலில் பார்த்தால் போதாதா?” எனலாம். போதாது என்பதற்குச் சான்று நம்மிடமே இருக்கிறது. 2009 இல் வெளியான ஓர் ஆய்வு, இதயத் தசையின் ஒரு புரதத்துக்குரிய மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன குறை, தெற்காசிய மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரிடம் உள்ளதெனக் காட்டியது. மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணியும், ஐதராபாத்தில் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் பணிபுரிந்த தங்கராசும் அவ்வாய்வில் முன்னின்றவர்கள். நூறு பேர் கூடும் சங்கக் கூட்டத்தில் நால்வர் என்று எண்ணிப் பாருங்கள்! அஞ்ச வேண்டியதில்லை, அக்குறை உள்ளோர் அனைவரும் நோயுறுவதில்லை. வேறு காரணங்களும் சேர வேண்டும் எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் நோயுற்றவர் இதயத்தில் இழைகள் எங்கே, எவ்வளவு, எந்தத் திசையில் நிலைகுலைகின்றன என்பதை வேற்று நாட்டார் இதயத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? கேரளத்தில் ஒருகாலத்தில் மிகுதியாயிருந்த, இதயத்தின் உட்படலம் தடித்து நாராகிவிடும் நோயையும் அப்படித்தான். நம் நோயை நம் இதயத்தில்தான் படிக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு வலுவானது. “மூட்டுவாதக் காய்ச்சலால் குழந்தைகளின் இதய வால்வு கெடுகிறது, அதைத் தடுக்கப் பெனிசிலின் ஊசி போதும். அதனை ஒழுங்காகக் கொடுக்காத நாட்டுக்கு முப்பரிமாணப் படம் எதற்கு?” இவ்வினாவை நான் மதிக்கிறேன். பெனிசிலின் முதலில், ஐயமே இல்லை. இதயத் திசுப் படம் மருந்தன்று; இறந்தவரின் இதயத்திலோ, வெட்டியெடுத்த இதயத்திலோதான் இதனைச் செய்ய முடியும். அந்த வலிய கதிரை உயிருள்ளவர்மேல் பாய்ச்ச முடியாது. ஆனால் சிற்றூர் மருத்துவர் நாள்தோறும் பார்க்கும் எதிரொலிப் படத்தில் ஒரு நிழல் தெரிகிறதே, அந்த நிழலுக்குப் பொருள் சொல்லும் அகராதி இத்தகைய படங்களே. அகராதி அடுப்பில் வேகாது. அதனால் அகராதி வேண்டாம் என்போமா? ஊசிக்கு ஒரு கை, ஆய்வுக்கு ஒரு கை என்று நாட்டுக்கு இரண்டு கைகள் உண்டு.

செலவு? கிரெனோபில் வளையத்தை நாம் கட்ட வேண்டியதில்லை. இந்தோரில் இண்டஸ்-2 என்ற வளையமும் அதில் படமெடுக்கும் ஒளித்தடமும் இருக்கின்றன. அதுவும் எட்டாதெனில், சீவல் முறையையே முழுமையாக்கலாம். ஒன்றையும் விடாமல் சீவி, ஒவ்வொன்றையும் படமெடுத்து, கணிப்பொறியில் அடுக்கி உருவை மீட்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் கருவிலுள்ள சிசுவின் மூளைக்கு அதைச் செய்துகாட்டிவிட்டது. 5,132 சீவல்களைக் கொண்ட “தரணி” என்னும் மூளை வரைபடத்தை 2024 இல் உலகுக்கு வழங்கியது. மூளைக்கு முடிந்தது இதயத்துக்கு முடியாதா?

என் கோரிக்கை இதுதான். நாம் பயிலும் திராவிடப் பல்கலைக் கழகம் 1997 இல் ஆந்திர அரசு நிறுவியது. தமிழ்நாடும் கர்நாடகமும் கேரளமும் அதற்குத் துணை நின்றன. மொழிக்காக நான்கு மாநிலங்கள் கைகோத்த ஊர் இந்தக் குப்பம். இதயத்துக்காக அவை கைகோக்கலாகாதா? வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ அறிவியல் கழகமும், 2021 இல் தேவஸ்தானம் தொடங்கிய குழந்தைகள் இதய மருத்துவமனையும் இருக்கின்றன. பெங்களூரில் ஜெயதேவா இதயநோய்க் கழகம். திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையம். இவை கூடி, நான்கு மாநில மக்களின் நோயுற்ற இதயங்களுக்கு ஒரு முப்பரிமாணக் கருவூலம் அமைக்க வேண்டும். அதில் சேரும் படங்கள் பூட்டி வைக்கப்படாமல் எந்த மாணவனுக்கும் எட்ட வேண்டும்.

இதயங்கள் எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளை வழங்கும் திட்டம் 2008 முதல் நடந்து வருகிறது. புதிய இதயம் பொருத்தும்போதெல்லாம் பழைய இதயம் ஒன்று வெளியே வருகிறது. அது எறியத்தக்க பொருளன்று, எழுதிவைக்கத்தக்க ஏடு. நோயாளியின் இசைவோடு, இறந்தோராயின் குடும்பத்தாரின் மனமார்ந்த இசைவோடு, பெயர் மறைத்து, மரியாதையோடு அதைக் காக்க வேண்டும். ஏழை என்பதற்காகக் கேட்காமல் எடுப்பதும் தவறு. எவரும் தரமாட்டார் என்று கேட்காமலே இருப்பதும் தவறு.

அந்தக் கேள்வியை மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டியவர் யார்? தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இந்த எல்லைப்புறத்தில், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மூத்தோருக்குப் புரியும் சொல்லில் விளக்க வல்ல மாணவர்களே. நம் சங்கம் ஆண்டுக்கொரு முறை இலக்கிய விழா எடுக்கிறது, எடுக்கட்டும். அதனுடன் உடற்கொடை பற்றி ஒரு நாள் கூட்டமும், உடற்கூறு பற்றி எளிய தமிழில் ஒரு சிறு நூலும் சேரட்டும். கணிதம் பயில்வோர் ராம்-லாக் முறையைக் கற்கட்டும். உயிரியல் பயில்வோர் சீவலையும் சாயத்தையும் கற்கட்டும்.

நண்பர்களே! நம் பாட்டன்மார் இதயம் நின்றதும் “மாரடைப்பு” என்ற ஒரே சொல்லோடு கதையை முடித்துக்கொண்டார்கள். அச்சொல்லுக்குப் பின்னால் எத்தனையோ வேறு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தறியும் கருவி நம் தலைமுறையின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. எட்டிப் பிடிக்க வேண்டியது நாமே.