தலையை எண்ணியா பாதை போடுவது?

கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் நாம் நெல் நடுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். 1895-ல் பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, தேக்கடியில் மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிய தண்ணீர் அது. சுரங்கம் என்றதும் வீண் செலவு என்று சிரிக்கிற உரிமை இந்தப் பள்ளத்தாக்கில் எவருக்கும் கிடையாது.

அந்தத் தண்ணீர் வைகையில் சேர்ந்து ஓடும் இராமநாதபுரம் சீமையின் கோடியில் இராமேஸ்வரம் தீவு இருக்கிறது. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் வந்தது. தீவுவாசிகள் மீது வெள்ளைக்காரனுக்குப் பாசமா? இல்லை. கொழும்புக்குப் போகிறவர்களையும் சரக்கையும் தனுஷ்கோடியில் கப்பல் ஏற்ற வேண்டியிருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உடைந்த பாலத்தை 46 நாளில் சீர்செய்தார்கள். ஆனால் அதே தீவுக்கு பஸ் போக ஒரு பாலம் 1988-ல்தான் கிடைத்தது. ரயில் வந்து 74 ஆண்டுகள் கழித்து! 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலம் நின்றுபோய், 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை, தீவைத் தாங்கியது அந்தச் சாலைதான்.

இப்போது அங்கிருந்து தலைமன்னாருக்குப் பாதை என்கிறார்கள். பாலமும் கடலடிச் சுரங்கமுமாக 24,000 கோடி ரூபாய் திட்டம் என்று 2015-ல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி பேசினார். 2023 ஜூலையில் தரைவழி இணைப்பு பற்றி ஆய்வு செய்ய இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. வரட்டும். கீழக்கரைக்கும் இலங்கைக்கும் தோணி ஓடிய காலத்தை மறந்தவர்கள் அல்ல நாம். ஆனால் இரண்டு நாடுகளுக்கு இடையே கடலடியில் வழி தேடுகிறவர்கள், ஒரே மாவட்டத்துக்குள் மலை மேல் இருப்பவனுக்கு வழி கேட்டால் மட்டும் ‘எத்தனை பேர் இருக்கிறார்கள்?’ என்று கேட்பது என்ன நியாயம்?

வட அட்லாண்டிக்கில் ஃபாரோ தீவுகள் என்று ஒரு சின்ன நாடு, டென்மார்க்கின் கீழ் தன்னாட்சி. மொத்த ஜனத்தொகையே நம் கம்பம் நகராட்சியை விடக் குறைவு. அங்கே 2020-ல் 11 கிலோமீட்டர் நீளத்தில் கடலடிச் சாலைச் சுரங்கம் திறந்தார்கள். 2023-ல் இன்னொன்று, கிட்டத்தட்ட அதே நீளம், சாண்டோய் தீவுக்கு. அந்தத் தீவில் வாழ்பவர்கள் சுமார் 1,200 பேர்! நம்மூரில் ஒரு தெருவில் இருப்பார்கள். இரண்டையும் கட்டியது ஒரே நிறுவனம். கூட்டமுள்ள சுரங்கத்தின் சுங்கவரி கூட்டமில்லாத சுரங்கத்தைத் தாங்கும்படி ஏற்பாடு. பணக்கார நாடு என்பீர்கள். சரிதான். ஆனால் பணம் மட்டுமா காரணம்?

போடி வட்டாரத்து மலைச் சிற்றூர்களுக்குத் தேர்தலன்று வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை மீது ஏறிப் போகிறது. ஓட்டு வாங்கக் குதிரை கிடைக்கிறது. அகமலைப் பக்கம் ஒரு தாய்க்குப் பிரசவ வலி வந்தால் டோலி கட்டித்தான் இறக்குகிறார்கள். தேவாரத்துக்கு நேர் மேலே சாக்குலூத்து மெட்டு. அந்த வழியாகச் சாலை கேட்டு ஓய்ந்துபோன தலைமுறையே உண்டு. ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் நம் பெண்கள் போடிமெட்டு, கம்பம்மெட்டு என்று சுற்றிக்கொண்டு, ஜீப்பில் அடைந்து போகிறார்கள். ஜீப் கவிழ்ந்தால் மறுநாள் பத்திரிகையில் நாலு வரி.

காடு அழியும் என்கிறது வனத்துறை. காடு போனால் நம் தண்ணீரும் போகும், அந்தக் கவலையை நாம் தள்ளிவிடவில்லை. மரத்தை வெட்டாமல் பாதை போட வழி உண்டா, அகலத்தைக் குறைக்கலாமா, ஆம்புலன்ஸ் போகுமளவு போதுமா என்று உட்கார்ந்து பேசலாமே. பேசாமலே ‘முடியாது’ என்று கோப்பை மூடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம், அவர் எந்தக் கட்சியானாலும், சால்வையைப் போடுமுன் கேளுங்கள்: சாக்குலூத்து மெட்டுப் பாதைக்காக வனத்துறைக்கு எந்தத் தேதியில் எழுதினீர்கள், என்ன பதில் வந்தது? வாய்வார்த்தை வேண்டாம். காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.