கையில் தொழில் இருக்கிறது. பேரில் சான்றிதழ் இருக்கிறதா?

சென்ற மாதம் மாக் மண்டினில் குடியிருக்கும் ஓர் அண்ணன் என்னைத் தேடி வந்தார். வயது ஐம்பத்திரண்டு. இளவயதில் தோட்டத்தில் பெரட்டுக்கு நின்றவர். தோட்டம் கைமாறியபோது பட்டர்வொர்த் பக்கம் வந்து, ஓர் இரும்புப் பட்டறைக் கம்பெனியில் சேர்ந்தார். இருபத்திரண்டு வருஷம் அங்கேயே உழைத்தார். பழைய இயந்திரத்தைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டுமா, எத்தனை ஆள், எத்தனை நாள், எந்தச் சாமான் முதலில் வர வேண்டும் என்று கணக்குப் போட்டு முடித்துக் கொடுப்பவர் அவர்தான். பதினைந்து பேருக்கு சூப்பர்வைசர்.

கம்பெனியை மூடிவிட்டார்கள். அடுத்த இடத்திற்கு வேலை கேட்டுப் போனார். "சிஜில் இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை. சாதாரண ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

"தம்பி, நான் பார்த்த வேலைக்கு எங்க பழைய மானேஜர்தான் சாட்சி. அவரு இப்ப எந்த ஊர்ல இருக்காருன்னே தெரியலை" என்றார்.

தோழர்களே, இந்த ஒரு வார்த்தையை நாம் நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். நம் திறமைக்கு முதலாளி ஒருவரே சாட்சி என்றால், அவர் போகும்போது நம் திறமையும் கூடவே போய்விடுகிறது. நம் பேரில் எழுதிய சான்றிதழ் நம்மோடு வரும்.

திட்ட நிர்வாகம் என்று இன்று பெரிய பெரிய ஓட்டல்களில் பாடம் நடத்துகிறார்கள். நம்மவர்களுக்கு அது புதிதா? செம்பனை மறுநடவை எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து வருஷம் ஆன மரத்தைச் சாய்ப்பதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்னமே நாற்றங்காலில் கன்று போட்டாக வேண்டும். ஹெக்டருக்குச் சுமார் 140 கன்று என்றால், 40 ஹெக்டருக்கு 5,600 கன்று. கழிவுக்கும் மேற்கொண்டு வேண்டும். மரம் சாய்க்க வேண்டும், காண் வெட்ட வேண்டும், பாதை போட வேண்டும், மூடுபயிர் விதைக்க வேண்டும், கயிறு பிடித்து அளந்து குழி போட வேண்டும். மழைக்கு முன்னே கன்று மண்ணில் இறங்க வேண்டும். கன்று தயாராகவில்லை என்றால் நிலம் லாலானுக்குப் போகும். நிலம் தயாராகவில்லை என்றால் கன்று பையிலேயே முற்றிப்போகும். இத்தனையையும் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு நடத்தியவர் நம் மண்டோர். அதற்குப் பேர் திட்ட நிர்வாகம் இல்லாமல் வேறு என்ன? ஆனால் தோட்டம் விற்கப்பட்ட அன்று அவர் கையில் இருந்தது ஒரு நன்றிக் கடிதம். பல பேருக்கு அதுவும் இல்லை.

இன்று உலகம் முழுக்கப் பேசப்படுவது பி.எம்.பி. என்ற சான்றிதழ். 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய திட்ட நிர்வாகக் கழகம் 1984 முதல் இதை வழங்கி வருகிறது. பட்டதாரிகளுக்கு மட்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. இடைநிலைப் பள்ளியை முடித்தவரும், ஐந்து வருஷம் திட்டங்களை முன்நின்று நடத்திய அனுபவத்தைக் காட்டி, 35 மணி நேரம் பாடம் படித்தால் தேர்வு எழுதலாம். ஆனால் தேர்வு தமிழில் இல்லை. கட்டணமும் டாலர் கணக்கு. எல்லாரும் நேரே அதில் போய் விழ வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அனுபவம் இல்லாத நம் பிள்ளைகளுக்கு அதே கழகத்தின் சி.ஏ.பி.எம். என்ற முதற்படி உண்டு.

நம் ஆட்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏணி வேறு. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., மூன்று படி கொண்டது. அதற்கு மேலே நான்காவதும் ஐந்தாவதும் டிப்ளோமா. வேலையிலேயே தேறியவர்கள் வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. பி.பி.டி. என்ற வழியில், தாங்கள் செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகக் கட்டிக் கொடுத்தால், மதிப்பீட்டாளர் பார்த்துச் சோதித்துச் சான்றிதழுக்குச் சிபாரிசு செய்வார். ஆகவே இன்றைக்கே தொடங்குங்கள். வேலை அட்டவணை, செய்த வேலையின் படம், மேலதிகாரி கையெழுத்து, எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு வையுங்கள். கம்பெனி மூடிய பிறகு தேடினால் கிடைக்காது.

"படிக்கக் காசுக்கு எங்கே போறது?" என்பீர்கள். மலேசியத் தொழிலாளர் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள முதலாளிமார், சட்டத்தில் சொல்லப்பட்ட தொழில்களில், சம்பளத் தொகையில் நூற்றுக்கு 1 வீதம் மனிதவள மேம்பாட்டு நிதிக்கு லெவி கட்ட வேண்டும். 2021இல் இது மேலும் பல துறைகளுக்கு விரிவாக்கப்பட்டது. தொழிலாளியின் பயிற்சிக்கென்றே ஒதுக்கிய பணம் அது. எத்தனை பேர் தங்கள் ஆபீஸில் போய், "எங்க பேருக்கு என்ன பயிற்சி கொடுத்தீங்க?" என்று கேட்டிருக்கிறோம்? பினாங்கில் 1989 முதலே தொழில் நிறுவனங்களும் அரசாங்கமும் சேர்ந்து நடத்தும் திறன் மேம்பாட்டு மையம் இருக்கிறது. வாசல் திறந்திருக்கிறது; கேட்டால்தானே அனுப்புவார்கள்?

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. "சான்றிதழ் வாங்கிக் கொடுத்தா, ஆள் வேற கம்பெனிக்கு ஓடிடுவான்" என்று சிலர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாதத்தில் முடிப்பதாக ஒப்புக்கொண்ட வேலை ஐந்து மாதம் இழுத்தால், தாமத அபராதம் யார் கட்டுவது? ஓவர்டைம் சம்பளம் யார் கொடுப்பது? வேலையை வரிசைப்படுத்தத் தெரிந்த ஒருவர் இருந்தால் அந்தச் செலவு மிச்சம். மிச்சத்தில் ஒரு பங்கை அவர் சம்பளத்தில் சேர்த்துக் கொடுங்கள், ஏன் ஓடப்போகிறார்? மாக் மண்டினில் சின்னப் பட்டறை நடத்தும் நம் இனத்தவருக்கும் இதைச் சொல்கிறேன். உழைப்புக் குறைவால் டெண்டர் கை நழுவுவதில்லை. காலக்கணக்கும் செலவுக்கணக்கும் காகிதத்தில் காட்ட முடியாமல்தான் பலருக்கு நழுவுகிறது.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். இரண்டு நாள் பாடம் நடத்தி, தங்க நிறத்தில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, ஆயிரக்கணக்கில் வெள்ளி வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பணம் கட்டும் முன்னே, அது எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது, எந்தக் கம்பெனி அதை ஏற்கிறது என்று கேளுங்கள். காகிதம் மட்டும் இருந்து வேலை தெரியாவிட்டால், முதல் மழைக்கே சாயம் வெளுத்துவிடும்.

தொழிற்சங்கங்களுக்கும் கடமை இருக்கிறது. 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, கூட்டு ஒப்பந்தக் கோரிக்கையில் தொழிலாளர் பயிற்சியைச் சேர்க்க இடம் தருகிறது. சம்பள உயர்வுக்கு ஒரு வரி எழுதும்போது, பயிற்சிக்கும் ஒரு வரி எழுத வேண்டும். சான்றிதழ் பெற்றவருக்கு இவ்வளவு அலவன்ஸ் என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காகிதம் வீட்டுச் சுவரில் தொங்கும், சம்பளத்தில் ஏறாது.

அந்த அண்ணனுக்கு இப்போது பைல் கட்டிக்கொண்டிருக்கிறோம். பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் கையெழுத்துப் போட முன்வந்திருக்கிறார்கள். "முப்பது வயசுல இதைச் செஞ்சிருக்கணும் தம்பி" என்கிறார். முப்பது வயதில் இருப்பவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் பைல் எங்கே?