வரப்புக் கீரையும் வயிற்றுப்பாடும்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் லட்சக்கணக்கான ஜனங்கள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். அந்தப் பாதையோரம் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் முன்னால் பிரண்டை, தூதுவளை, முடக்கத்தான், ஆவாரம்பூ, நெல்லிக்காய் என்று சின்னச் சின்னக் குவியல்கள். காரில் வந்திறங்கும் கனவான் ஒருவர், கட்டு இருபது ரூபாய் என்றால் பத்துக்குக் கேட்டுப் பேரம் பேசுவார். அதே முடக்கத்தான் பொடியாகிப் புட்டியில் ஏறி, வர்ணச் சீட்டு ஒட்டிக்கொண்டு பட்டணத்துக் கடையில் நின்றால், யானை விலை குதிரை விலை கொடுத்து வாங்குவார், பேரம் பேசமாட்டார்.

செடி ஒன்றுதான். சத்தும் ஒன்றுதான். விலை மட்டும் ஏன் மாறியது? பறித்தவள் கையில் இருந்தவரை அது கீரை. முதலாளி கைக்குப் போனதும் சரக்கு. விஷயம் இவ்வளவுதான்.

யார் கண்ட அறிவு?

விவசாயத் தொழிலாளி வீட்டில் கீரை என்பது காசு கொடுத்து வாங்கும் பொருளாக இருந்ததில்லை. களை எடுக்கப் போன பெண் மாலையில் மடி நிறையக் கீரையோடு திரும்புவாள். பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை, ஆரை - நிலக்காரருக்கு இவை களை. அவளுக்கு இராச் சாப்பாடு. நாலைந்து தினுசையும் சேர்த்து வேகவைத்து, சட்டியிலிட்டு மத்தால் கடைந்து, கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக்கொள்ள வைப்பாள். கூலியில் கிடைக்காத சத்து வரப்பிலிருந்து கிடைத்தது.

எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது, எதன் கொழுந்தைக் கிள்ள வேண்டும், எதை வேகவைத்த தண்ணீரைக் கொட்ட வேண்டும் - இதையெல்லாம் எந்தப் பண்டிதரும் ஏட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. உழைக்கும் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சோதித்துக் கண்டறிந்தார்கள்.

இது நம் ஊரின் கதை மட்டுமல்ல. கிரேக்க நாட்டு விவசாயிகள் மலைச்சரிவில் தானாக முளைக்கும் கீரைகளை ‘ஹோர்ட்டா’ என்பார்கள். 1941-42-ல் ஹிட்லரின் படைகள் அந்நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது வந்த பெரும் பஞ்சத்தில் ஏதென்ஸ் நகர ஜனங்களும் இந்தக் கீரையைத் தேடிக் காடுமேடு அலைந்தார்கள். மெக்ஸிகோவில் மக்காச்சோளக் கொல்லையில் ஊடே முளைக்கும் கீரையைப் பறித்துச் சமைக்கிறார்கள். அமெரிக்கப் பண்ணைகளில் அடிமைகளாக வதைபட்ட கறுப்பு மக்கள், கீரை வெந்த தண்ணீரையும் வீணாக்காமல் அதில் சோள ரொட்டியைத் தோய்த்துத் தின்றார்கள். இலங்கையில் வல்லாரை போன்ற இலைகளை இடித்துச் சாறெடுத்துக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். நாடு வேறு, மொழி வேறு. அடுப்படியில் நிற்கும் வர்க்கம் ஒன்றுதான்.

நம் சட்டிக்குள் உலகம்

“எல்லாம் எங்கள் பாரம்பரியம், அந்நியக் கலப்பே இல்லாதது” என்று மார்தட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புளி ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட மரம். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்து ஆதிவாசி மக்கள் வளர்த்தெடுத்த பயிர்கள். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் கரையிறங்கும் முன் நம் நாட்டு அடுப்பு எதிலும் மிளகாய் கிள்ளித் தாளித்ததில்லை, காரத்துக்கு மிளகுதான். திருவண்ணாமலைச் செம்மண் காட்டில் நாம் வயிறு வளர்க்கும் மல்லாட்டை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. மணிலாக்கொட்டை என்று அதற்கு இன்னொரு பெயர் இருப்பதே அது கடல் கடந்து வந்ததைச் சொல்லும். முகம் தெரியாத எத்தனையோ நாட்டு உழைப்பாளிகள் நம் குழம்புச் சட்டியில் கூடியிருக்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெருமைப்பட நிறைய உண்டு.

ஆலைத் தொழிலாளிக்கும் இதில் பங்கு உண்டு. ஆரணி அரிசி ஆலைகளில் நெல்லை அவித்துக் காயவைத்து அரைக்கிறார்களே, அந்தப் புழுங்கல் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1890-களில் ஜாவாவில் டச்சு டாக்டர் எய்க்மான், தீட்டிய வெள்ளை அரிசியே தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதைக் கண்டார். மனிதரை வாட்டிய பெரிபெரி நோயின் மர்மம் அதிலிருந்துதான் விடுபட்டது. தவிட்டோடு போகும் உயிர்ச்சத்தில் ஒரு பகுதி, நெல்லை அவிக்கும்போது அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது, அதில் தவறில்லை. ஆனால் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நெல்லை அவிக்கக் கற்றுக்கொண்ட பெண்களுக்குப் பெயரும் இல்லை, பரிசும் இல்லை.

பெயரில்லாததைப் பட்டப்பகலில் திருடவும் துணிந்தார்கள். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் 1995-ல் காப்புரிமை பெற்றது. இந்திய விஞ்ஞானிகள் எதிர்த்து நின்றதால் 1997-ல் அது ரத்தாயிற்று. வேப்ப எண்ணெயைப் பூஞ்சாணத்துக்கு எதிராகப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்க விவசாயத் துறையும் கிரேஸ் கம்பெனியும் சேர்ந்து ஐரோப்பாவில் 1994-ல் காப்புரிமை வாங்கின. 2000-ல் அது ரத்தாகி, மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடியாயிற்று. போராடினால் மீட்கலாம் என்பதற்கு இவை அத்தாட்சி.

களையும் போயிற்று, கீரையும் போயிற்று

அந்நியக் கம்பெனி வாசலுக்கு வரும் முன்பே, உள்ளூரிலேயே கீரை பறிபோகிறது. களைக்கொல்லி தெளித்த வயலில் பண்ணைக்கீரை முளைக்காது. தப்பி முளைத்தாலும் பறித்துத் தின்னத் துணிவு வராது. களை எடுக்கும் கூலியும் போயிற்று, மடிக்கீரையும் போயிற்று. ஏரிக்கரை, மேய்ச்சல் புறம்போக்கு, தோப்புத் திடல் ஆகியவற்றில் ஆக்கிரமித்தது போக மிச்சத்தைச் சுற்றி முள்வேலி.

குனிந்து குனிந்து முதுகு ஒடியக் களை எடுப்பதுதான் பெண்களின் தலைவிதி என்று நாம் சொல்லவில்லை. வேலைச் சுமையைக் குறைக்கும் எந்தக் கருவிக்கும் நாம் விரோதிகளல்ல. மிச்சமான செலவு யார் பெட்டிக்குப் போகிறது, இழந்த கூலிக்கும் இழந்த உணவுக்கும் யார் ஈடு செய்வது என்பதுதான் கேள்வி.

ஜவ்வாது மலைக்கு ஏறிப் பாருங்கள். அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் பயிர் சாமை. புளி, தேன், நெல்லி, கடுக்காய் ஆகியவை காடு தரும் செல்வம். இந்தியாவின் முன்முயற்சியால் ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. மேடைகளில் சாமைப் பாயசம் பரிமாறப்பட்டது. ஆனால் மத்திய சர்க்கார் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் பயிர்களில் கேழ்வரகு உண்டு, கம்பு உண்டு, சோளம் உண்டு, சாமை இல்லை! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

மலையில் விளைவதற்கு விலை இல்லாதபோது மனிதன் எங்கே போவான்? 2015 ஏப்ரல் 7-ந் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழகத் தொழிலாளர்களைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தவர். ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அதில் உண்டு. சாமைக்கும் புளிக்கும் நியாய விலை என்பது ருசியைப் பற்றிய பேச்சல்ல, தோழர்களே. அது உயிரைப் பற்றிய பேச்சு.

இரண்டு தவறான உபதேசங்கள்

ஒரு சாரார் களியையும் கீரையையும் பட்டிக்காட்டுத் தீனி என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலியால் நம் பிள்ளைகளே தூக்குப்பாத்திரத்தைத் திறக்கக் கூச்சப்பட்டார்கள். இன்னொரு சாரார் இப்போது கிளம்பியிருக்கிறார்கள். “பாட்டி குடித்த கூழைக் குடியுங்கள், ரேஷன் அரிசிதான் நோய்க்குக் காரணம்” என்று உபதேசம் செய்கிறார்கள். பாட்டி ஆசைப்பட்டா கூழைக் குடித்தாள்? நெல் விளைவித்த கைக்கு நெல்லுச்சோறு பண்டிகை நாளில்தான் கிடைத்தது. சோறு உரிமையானது போராட்டத்தால். அதை யாருடைய உபதேசத்துக்காகவும் விட்டுக்கொடுக்க முடியாது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கீரையின் குணம் தெரியாததாலா? விடியுமுன் எழுந்து, பொழுது சாய்ந்து வீடு திரும்பும் பெண்ணுக்குக் கீரையை ஆய நேரம் ஏது? பருப்பு வாங்கக் காசு ஏது? கெட்டியான உமி கொண்ட சாமையை உரலில் குத்திக் குத்திக் கை காய்த்தவளிடம் போய்ப் பாரம்பரியத்தின் மகிமையைப் பேசுகிறவர்கள், அந்த உலக்கையை ஒரு நாழிகை பிடித்துப் பார்க்கட்டும்! ஆண் தோழர்களே, நம்மில் எத்தனை பேர் அதைப் பிடித்திருக்கிறோம்?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

சாமைக்கு ஆதரவு விலையும் சர்க்கார் கொள்முதலும் வேண்டும். உமி நீக்கும் இயந்திரங்களை மலைக் கிராமங்களில் நிறுவி, மக்கள் கூட்டுறவின் கையில் தர வேண்டும்.

2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மூலிகை உள்ளிட்ட சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையைக் காட்டில் வாழும் மக்களுக்கு அளிக்கிறது. அது காகிதத்தில் உறங்கக் கூடாது.

2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். எல்லா மாவட்டத்திலும் கேழ்வரகு வரட்டும். ஆனால் அரிசியைக் குறைத்து அல்ல, அரிசியோடு கூட!

பள்ளிச் சத்துணவில் கீரை தவறாமல் இருக்க வேண்டும். அதை உள்ளூர்ப் பெண்களிடமே நியாய விலைக்கு வாங்க வேண்டும்.

ஏரிக்கரையும் புறம்போக்கும் ஊரின் பொதுச் சொத்து. ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கீரையோடு பருப்பும் எண்ணெயும் சேரும்படியான கூலி வேண்டும்.

இவை யாரும் கருணையோடு அள்ளிப் போடும் பிச்சையல்ல. களை எது, கீரை எது என்று இந்த மண்ணுக்குப் பிரித்துக் காட்டியது உழைக்கும் மக்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் கூலியைப் பற்றிப் பேசும்போது கீரையைப் பற்றியும் பேசுங்கள். பேசத் தெரிந்தவர்கள் பெண்கள். அவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.