காட்டுக்கு அனுப்புவதாவது!

"காட்டுக்கா? வயசுக்கு வந்த பொண்ணை அனுப்பறதாவது!" என்று என் மாமியார் வெற்றிலைப் பெட்டியைப் படீரென்று மூடினார்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள், பள்ளிக்கூடத்தில் கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கி நின்றாள். பிச்சாவரத்துக்கு ஒரு நாள் பயணம். வெறும் படகு சவாரி அல்ல. மரங்களைப் பற்றிப் படிப்பது, கன்று நடுவது, குப்பை பொறுக்குவது என்று திட்டம். பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. நான் பத்தாவது படித்தபோது வகுப்பே சுற்றுலா போயிற்று. நான் மட்டும் வீட்டில் மாவாட்டிக் கொண்டிருந்தேன். அன்று என் அம்மா சொன்னதும் இதே வார்த்தைதான்!

"அத்தே, துணைக்கு ரெண்டு அம்மாமாரை டீச்சர் கேட்டிருக்காங்க. நானும் கூடப் போறேன். அப்ப சரிதானே?" என்றேன். மாமியார் முணுமுணுத்தார், ஆனால் மறுக்கவில்லை. நெல்லிக்குப்பத்திலிருந்து விடியற்காலையிலேயே புளிசாதப் பொட்டலங்களோடு கிளம்பிவிட்டோம்.

சகோதரிகளே, மழைக்காடு பார்க்க வேண்டுமானால் வால்பாறைக்கோ, கேரளத்தின் சைலன்ட் வேலிக்கோ போக வேண்டும். நம் மாவட்டத்துக் காடு வேறு வகை. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், உப்புத் தண்ணீரில் நிற்கும் அலையாத்திக் காடு அது. சுமார் 1,100 ஹெக்டேர். 2022-ல் 'ராம்சார்' என்ற உலகச் சதுப்பு நிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. சிதம்பரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர்தான். இத்தனை வருஷம் நான் பார்த்ததில்லை!

சுரபுன்னை மரத்தின் வேர்கள் கல்யாணப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்தது போல நாலாபக்கமும் ஊன்றியிருக்கின்றன. அதில் முருங்கைக்காய் போலத் தொங்குவது காயல்ல, மரத்திலேயே முளைவிட்ட கன்று! நன்றாக வளர்ந்த பிறகுதான் தாய்மரம் அதைச் சேற்றில் விடுகிறது. வெண்கண்டல் மரத்துக்கோ, மண்ணுக்கு மேலே பென்சில் நட்டது போல மூச்சு வேர்கள். அதன் இலையை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார் டீச்சர். ஒரே கரிப்பு! வேண்டாத உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுமாம்.

அந்த உற்சாகத்தில் என் மகள் பக்கத்து மரத்தின் இலையையும் பறிக்கக் கையை நீட்டினாள். "பாப்பா! அது தில்லை! கையை எடு!" என்று படகுக்காரர் போட்ட சத்தத்தில் எனக்கு உயிரே போய் வந்தது. தில்லையின் பால் தோலில் பட்டால் கொப்புளம் வரும். கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். பட்டுவிட்டால் கண்ணைக் கசக்கக் கூடாது. நிறைய நல்ல தண்ணீரில் விடாமல் கழுவி, தாமதிக்காமல் கண் டாக்டரிடம் போக வேண்டும். நல்லவேளை, எங்களுக்கு அதற்கு அவசியமில்லாமல் போயிற்று.

இந்தக் காடும் ஒரு காலத்தில் அழிய இருந்ததுதான். வெள்ளைக்காரன் காலம் தொட்டு 1970-கள் வரை பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மண் காய்ந்து பள்ளமாகி, கடல் நீர் தேங்கி, உப்பு ஏறி, ஒன்றும் முளைக்காமல் போயிற்று. பிறகு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களுமாகச் சேர்ந்து, மீன் முள் மாதிரி நடுவில் ஒரு வாய்க்கால், இருபுறமும் கிளை வாய்க்கால் என்று வெட்டினார்கள். தண்ணீர் வந்து போக வழி கிடைத்தது, உப்புக் குறைந்தது, காடு திரும்பியது. 2004 டிசம்பர் 26 சுனாமியை நம் கடலூர்ப் பக்கத்தில் யார் மறப்பார்கள்? அன்று இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு என்று பிற்பாடு ஆராய்ந்து எழுதினார்கள்.

வனத்துறை ஊழியர் காட்டிய இடத்தில் பெண்கள் முழங்கால் சேற்றில் இறங்கிக் கன்று ஊன்றினார்கள். கொலுசைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு முதலில் இறங்கியது என் மகள்தான்! பிறகு கரையோரம் பொறுக்கிய பிளாஸ்டிக் குப்பை ஏழு கோணி. பக்கத்தில் இருளர் பெண்கள் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடித்தார்கள். நாம் கிலோ கணக்கில் பேரம் பேசி வாங்கும் இறாலுக்குப் பின்னால் எத்தனை பாடு!

பெண்ணை அனுப்பும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. நம் பயமெல்லாம் பாதி மாதவிலக்கை நினைத்துத்தான். கழிப்பறை வசதி உண்டா என்று டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நாப்கின், மாற்று உடை, பழைய செருப்பு, தொப்பி, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள். படகில் உயிர்காப்புச் சட்டை போடாமல் ஏறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அதற்காக வீட்டோடு நிறுத்தி வைக்காதீர்கள்.

ராத்திரி என் மகள் ஆயாவின் காலடியில் உட்கார்ந்து தில்லை மரத்துக் கதையைச் சொன்னாள். மாமியார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எத்தனை ஆருத்ராவுக்குச் சிதம்பரம் போயிருக்கேன்! தில்லை, தில்லைன்னு வாய் ஓயாமச் சொல்லியிருக்கேன். அந்த மரம் எப்படி இருக்கும்னு இன்னி வரைக்கும் தெரியாதேடி" என்றார்.

கொஞ்சம் கழித்து மெதுவாகக் கேட்டார்: "படகுல ஏற எனக்கு முட்டி வலி தாங்குமா?"

வருகிற தை மாதம் மூன்று பேருமாகப் போகிறோம்.